திரையில் இல்லாத 835-ஆவது வரிசை

அம்மாவின் வலது தோள் இறுகிப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கை சும்மா தொங்கும்வரை ஒன்றும் தெரியாது. முழங்கையை உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளித் தூக்கினால் போதும், முகம் மாறிவிடும். ஆனால் படிப்பதை மட்டும் விடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை, மேசைமேல் ஸ்டாண்ட், ஸ்டாண்டில் பத்து அங்குல டேப்லெட். எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டுதான் படிப்பாள். எழுத்து பெரிதானால் ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வரிதான் நிற்கும், முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை கையை நீட்டி வலது ஓரத்தைத் தட்ட வேண்டும். இடது கையால் தட்டலாம்தான். அதற்கு உடம்பையே திருப்ப வேண்டும், உடம்பு திரும்பினால் வலது தோள் சும்மா இருக்குமா?

புளூடூத் ரிமோட் வாங்கிக் கொடுக்கலாமே என்று நினைப்பீர்கள். கொடுத்தேன். நகம் அளவுக்கு ஒரு பட்டன். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தூங்கிவிடும். எழுப்ப ஒரு அழுத்து, பக்கம் திருப்ப இன்னொரு அழுத்து. சில சமயம் எழுப்பிய அழுத்தும் கணக்கில் சேர்ந்து இரண்டு பக்கம் ஓடிவிடும். இத்தனைக்கும் மேல் அது போர்வைக்குள் தொலையும். மூன்றாவது முறை தொலைந்தபோது, "இதைத் தேடுற நேரத்துல நான் எந்திரிச்சுப் போயே திருப்பிடுவேன்டி" என்றாள். ரிமோட் கதை அதோடு முடிந்தது.

நான் ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதுகிறவள். பட்டன்களைத் திரைக்குள் எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதிலேயே பாதி நாள் போய்விடும். கண்ணுக்குத் தெரியும் ஐகான் 24 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிவதற்கான அலகு) அளவில் இருந்தாலும், அதைச் சுற்றித் தொடும் பரப்பை 48 டிபியாவது வைக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்கிறது. ஆப்பிள் 44 பாயின்ட் என்கிறது. ஐகானுக்கு வெளியே, வெற்று இடத்தில் விரல் பட்டாலும் பட்டன் வேலை செய்வது இதனால்தான். பார்க்கும் எல்லை வேறு, தொடும் எல்லை வேறு என்பது என் அன்றாடப் பிழைப்பு. இருந்தும் அந்த எண்ணத்தைக் கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி நான் நீட்டிப் பார்த்ததே இல்லை. அம்மாவின் வலது கை போர்வைமேல் கிடந்ததையும், அதிலிருந்து ஒரு முழம் தள்ளி டேப்லெட் நின்றதையும் பார்த்தபோதுதான் தோன்றியது: விரல் திரைக்குப் போக முடியாவிட்டால், திரையின் வலது ஓரம் விரலிடம் வரட்டுமே.

தொடுதிரை எப்படி உணர்கிறது என்று தெரிந்தால் இது அப்படியொன்றும் விசித்திரமான ஆசை இல்லை. கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற, மின்சாரம் கடத்தும் பொருளால் ஆன, கண்ணுக்குத் தெரியாத கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு திசைக் கோடுகளில் கன்ட்ரோலர் சிப் வரிசையாக மின்துடிப்பு அனுப்பும், மறுதிசைக் கோடுகள் அதை வாங்கும். கோடுகள் குறுக்கிடும் ஒவ்வொரு சந்திப்பும் ஒரு குட்டி மின்தேக்கி. விரல் அருகே வந்ததும், அந்தச் சந்திப்பில் இருக்கும் மின்புலத்தில் கொஞ்சத்தை உடம்பு இழுத்துக்கொள்ளும்; வாங்கும் கோட்டில் சிக்னல் குறையும். அந்தக் குறைவைத்தான் சிப் 'தொட்டார்கள்' என்று படிக்கிறது. விரல்தான் வேண்டும் என்று அதற்கு எந்தப் பிடிவாதமும் கிடையாது. மின்சாரம் கடத்தும் ஒரு தகடு சந்திப்பின் மேல் ஒட்டியிருந்து, அதிலிருந்து ஒரு கம்பி போய், அந்தக் கம்பியின் மறுமுனையை ஒருவர் தொட்டாலும் அதே குறைவு ஏற்படும். கண்ணாடிமேல் தகடு வெறுமனே ஒட்டிக் கிடக்கும்போது இழுத்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் அமைதியாக இருக்கும்.

கொள்கையளவில் அமைதியாக இருக்கும் என்று சொல்ல வேண்டும்.

முதல் முயற்சியில் வீட்டிலிருந்த அலுமினியத் தாளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, திரையின் வலது ஓரத்தில் செலோ டேப்பால் ஒட்டி, மேசை வழியே கட்டில்வரை இழுத்துவிட்டேன். ஒட்டிய மாத்திரத்தில் புத்தகம் முன்னும் பின்னும் தானாகப் புரள ஆரம்பித்தது. "பேய் பிடிச்சிருச்சா?" என்றாள் அம்மா. நான் செய்த தப்பு அகலம். டேப்லெட்டுகளில் இந்தக் கோடுகளுக்கிடையே பொதுவாக 4, 5 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். என் பட்டை ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து சந்திப்புகளை மூடியிருந்தது. யாரும் தொடாத தகடு சும்மா இருக்கும் என்றேனே, பெரிய தகடு சும்மா இருக்காது. ஒரு கோட்டின் துடிப்பைப் பக்கத்துக் கோட்டுக்குக் கடத்திவிடும். சிப்புக்கு எங்கே யார் தொட்டார்கள் என்றே புரியாமல் போகும்.

இரண்டாவது முறை காப்பர் டேப். விரல் நுனி கண்ணாடியில் அழுந்தும் அளவுக்கு, 8 மில்லிமீட்டர் வட்டம் ஒன்று வெட்டினேன். அதோடு சேர்ந்த ஒரு மெல்லிய வால், மிகக் குறுகிய வழியில் திரையை விட்டு வெளியே போகும்படி. வால் திரைமேல் எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு தூரமும் அது தொடுகைதான், அதனால் நேராக வெளியேறிவிட வேண்டும். விளிம்பைத் தாண்டியதும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒற்றை இழைக் கம்பி, அதன் கடைசியில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு அட்டை, அட்டைமேல் மறுபடியும் காப்பர். வலது ஓரத்துக்கு ஒன்று, இடது ஓரத்துக்கு ஒன்று. அம்மா அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டாள்: தட்டு. முன் தட்டு, பின் தட்டு.

காப்பர் டேப் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் இரண்டு வகை உண்டு, பசையும் மின்சாரம் கடத்தும் வகை, பசை கடத்தாத வகை. கண்ணாடிமேல் ஒட்டுவதற்கு எதுவானாலும் சரி, நடுவில் எப்படியும் கண்ணாடி இருக்கிறது. ஆனால் டேப்பின்மேல் டேப் ஒட்டி நீளம் சேர்க்கும் இடத்தில் கடத்தாத பசை சாதுவாக உட்கார்ந்து வேலையைக் கெடுக்கும். பார்க்க ஒரே செம்பாகத்தான் தெரியும். ஒரு மாலை முழுவதையும் அந்த ஒரு ஒட்டில் தொலைத்தேன். பிறகு சால்டர் வைத்து, அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டி, முடித்தேன்.

இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. தகட்டை ஒட்டியதும் திரை அதைத் தொடுகையாகவே நினைத்துக்கொண்டிருந்தால், திரையை ஒரு முறை அணைத்து எழுப்பினால் சரியாகிவிடும். எழும்போது கன்ட்ரோலர் தன் வலையை ஒரு தடவை அளந்து, 'இப்போது இருப்பதுதான் இயல்பு' என்று குறித்துக்கொள்கிறது. காப்பரும் அந்த இயல்பில் சேர்ந்துவிடும். இதன் மறுபக்கம்தான் வேடிக்கை. ஒரு நாள் அம்மா தட்டின்மேல் விரலை வைத்தபடியே திரையை எழுப்பியிருக்கிறாள். அவள் விரலும் இயல்பாகிவிட்டது. அப்புறம் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. அவள் விரலை எடுத்து, கன்ட்ரோலர் மெதுவாகத் தன் கணக்கைத் திருத்திக்கொண்ட பிறகுதான் தட்டு உயிர்பெற்றது.

இவ்வளவு செய்தும் பாதித் தட்டல்கள் வீணாகின. நான் தட்டினால் வேலை செய்தது, அம்மா தட்டினால் செய்யவில்லை. மூன்று நாள் மண்டையைக் குடைந்த பிறகு காரணம் பிடிபட்டது. நான் சோதிக்கும்போதெல்லாம் இடது கையால் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா பிடிக்கவில்லை, அவளிடமிருந்து தள்ளி அது பிளாஸ்டிக் ஸ்டாண்டில் தனியே நிற்கிறது. உடம்பு மின்புலத்தை இழுத்துக்கொள்ளும் என்று சொன்னேனே, இழுத்தது எங்கேயாவது திரும்பிப் போய்ச் சேர வேண்டும். கையில் பிடித்திருந்தால் உடம்பும் டேப்லெட்டும் ஒன்றோடொன்று நெருக்கமாக இணைந்திருக்கின்றன, சுற்று மூடுகிறது. பேட்டரியில் ஓடிக்கொண்டு, யார் கையிலும் இல்லாமல் நிற்கும் சாதனம் மின்சார ரீதியில் அந்தரத்தில் மிதக்கிறது. தொடுகையின் சிக்னல் நோஞ்சானாகிவிடும். விரலை நேரடியாகக் கண்ணாடியில் வைத்தால் அந்த நோஞ்சான் சிக்னலே போதும். கம்பி, தகடு, ஒட்டு என்று வழியில் ஆங்காங்கே இழந்துகொண்டு வரும் தொடுகைக்குப் போதாது.

சார்ஜரில் செருகிப் பார்த்தேன், உடனே சரியானது. அன்று இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுப்பினாள். அணைக்காமல் விட்ட டேப்லெட்டில் புத்தகம் தானாகவே கடைசி அத்தியாயம்வரை போயிருந்தது. கையில் கிடைத்த ஏதோ மலிவான சார்ஜர் அது. அந்த மாதிரி சார்ஜர்களின் மின்னிரைச்சல் சாதனம் முழுவதையும் ஒட்டுமொத்தமாக ஆட்டும், தொடுதிரைக்கு அதுவே விரல் போலத் தெரியும். சார்ஜ் போட்டபடி போன் பார்க்கும்போது திரை கிறுக்குப் பிடித்து எழுத்துகள் தானாக அடிபடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதேதான். முழங்கை நீளக் கம்பி இரண்டை ஆன்டெனா போல நீட்டிவைத்து நானே அதற்கு வரவேற்பும் கொடுத்திருந்தேன்.

கடைசியில் வழி கிடைத்தது மூன்றாவது தட்டில். பழைய சார்ஜிங் கேபிள் ஒன்றை நடுவில் வெட்டி, பிளக்கின் உலோகக் கூட்டோடு இணைந்திருக்கும் வெளிப்பின்னலை மட்டும் பிரித்தெடுத்து, பெரிய காப்பர் அட்டை ஒன்றோடு சால்டர் செய்தேன். மற்ற இழைகளை ஒன்றோடொன்று படாமல் டேப் சுற்றி மூடினேன். கேபிளின் மறுமுனை எதிலும் செருகப்படவில்லை. டேப்லெட்டின் கிரவுண்டை, அதாவது அதன் மின்சுற்றுக்கெல்லாம் பொதுவான அடித்தளத்தை, வெளியே கொண்டுவருவது மட்டும்தான் அதன் வேலை. அம்மா அந்தப் பெரிய அட்டையில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு, விரலால் முன் தட்டையோ பின் தட்டையோ தட்டுவாள். சுற்று மூடிவிட்டது. அன்று மாலை அறுபது பக்கம் படித்தாள், ஒரு தட்டலும் தவறவில்லை. தோளை ஒரு முறைகூடத் தூக்கவில்லை. நான் கதவோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

இந்தக் கூத்தெல்லாம் நடந்த வாரத்தில்தான், என்றோ படித்த ஆவணத்துண்டு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. நெக்ஸஸ் ஒன் என்று 2010-இல் ஒரு போன் வந்தது. திரைக்குக் கீழே, கறுப்புப் பகுதியில், நான்கு தொடு பட்டன்கள்: பின்செல், மெனு, முகப்பு, தேடு. திரை 480 பிக்சல் அகலம், 800 பிக்சல் உயரம். ஆண்ட்ராய்டின் தொழில்நுட்ப ஆவணத்தில் அந்தப் பட்டன்களின் முகவரி ஒரே வரியில் இருக்கிறது. நான்கின் மையமும் இடமிருந்து வலமாக 55, 172, 298, 412. நான்குக்கும் மேலிருந்து கீழாக 835.

800 வரிசைதான் இருக்கிறது. 835-ஆவது வரிசை எங்கிருந்து வந்தது? அங்கே எந்தப் படமும் காட்ட முடியாது, பிக்சலே கிடையாது. ஆனால் தொடும் வலை அங்கேயும் தொடர்கிறது. பட்டன்களுக்கென்று தனிச் சாதனம் இல்லை, அதே தொடுபரப்பு படம் முடிந்த பிறகும் ஓடுகிறது. ஒரு செவ்வகத்துக்குள் விரல் பட்டால் அதைப் பட்டன் அழுத்தலாக எண்ணிக்கொள் என்று மென்பொருளுக்கு ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வரியை முதன்முதலில் படித்தபோது நான் எழுத்துப்பிழை என்று நினைத்தேன். இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. அம்மாவின் முன் தட்டுக்கும் இப்படி ஒரு முகவரி எழுதலாமென்றால், அது அகலவாக்கில் இரண்டாயிரத்துச் சொச்சமாவது பிக்சலில், ஏதோ ஒரு போர்வை மடிப்பில் இருக்கும்.

இன்னும் பின்னால் போனால் 1996-இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி. அதன் திரை 160-க்கு 160 புள்ளிதான். அதற்குக் கீழே அச்சடித்த ஒரு பெட்டி இருக்கும், கிராஃபிட்டி என்ற சுருக்கெழுத்தை அங்கேதான் எழுத வேண்டும். இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண். அது இதுவரை சொன்னதுபோல் மின்புலத்தை உணரும் கொள்ளளவுத் திரை அல்ல, அழுத்தினால் இரண்டு படலங்கள் ஒட்டும் ரெசிஸ்டிவ் வகை. ஆனாலும் சங்கதி ஒன்றே: தொடுபரப்பு பெரியது, படம் அதில் ஒரு பகுதி. எழுதும் கை எழுதியதை மறைக்காது, சின்னத் திரையில் ஒரு புள்ளியும் வீணாகாது. 2011-இல் வந்த பிளாக்பெர்ரி பிளேபுக் டேப்லெட்டில் திரையைச் சுற்றியிருந்த கறுப்புச் சட்டமும் தொடுகையை உணர்ந்தது. சட்டத்திலிருந்து திரைக்குள் இழுத்தால் மெனு, செயலி மாற்றம் எல்லாம் நடக்கும். சட்டம் என்பது வெறும் பிடிமானம் இல்லை, கதவு என்று எண்ணியிருக்கிறார்கள்.

பிறகு சட்டமே போய்விட்டது. முன்பக்கம் முழுவதும் திரையாக வேண்டும் என்ற போட்டியில் 835-ஆவது வரிசைக்கு இடமில்லை. வெளியே இருந்த பட்டன்கள் திரைக்குள் வந்தன, அப்புறம் பட்டன்களும் போய் ஓரத்திலிருந்து இழுக்கும் சைகைகளாயின. ஒரு செயலி எழுதுகிறவளாக இதில் எனக்குத் தீராத புலம்பல் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து இடது, வலது ஓரங்களிலிருந்து உள்ளே இழுத்தால் அது 'பின்செல்'. என் செயலியில் ஓரத்திலிருந்து இழுக்கும் ஸ்லைடர் ஒன்று இருந்தது. பயன்படுத்துகிறவர் ஒளியைக் கூட்டப் போய்ச் செயலியை விட்டே வெளியேறிவிடுவார். இந்தப் பகுதியை எனக்கு விட்டுக்கொடு என்று கணினி அமைப்பிடம் கேட்க வழி இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு ஓரத்துக்கும் 200 டிபி உயரம் மட்டும்தான் தருவார்கள். ஒரே ஓரத்துக்கு இரண்டு உரிமையாளர்கள். வெளியே கொஞ்சம் நிலம் இருந்திருந்தால் இந்த வாய்க்கால் சண்டையே வந்திருக்காது.

ஓரம் என்பதே தொடுதிரையில் கொஞ்சம் பரிதாபமான இடம். மவுஸ் வைத்திருக்கிறவர்களுக்கு ஓரம் வரம். சுட்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் விளிம்பில் முட்டி நிற்கும், குறிபார்க்கவே வேண்டாம். உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் எழுதிய விதிப்படி, குறி பெரிதாக இருந்தால் கை வேகமாகச் சேரும். முட்டி நிற்கும் விளிம்பு ஏறக்குறைய எல்லையில்லாத அகலமுள்ள குறி. மேக் கணினிகளில் மெனு திரையின் உச்சி விளிம்பில் ஒட்டி இருப்பதால் கிடைக்கும் லாபம் இதுதான். விரலை நிறுத்த அப்படி ஒரு சுவர் இல்லை. விளிம்பைத் தாண்டி வழுக்கி வெளியே போய்விடும். போதாக்குறைக்கு, ஓரத்தில் பாதி விரல்தான் வலையின்மேல் இருக்கும். தொடுகையின் நடுப்புள்ளியைக் கணக்கிடும் சிப்புக்கு வெளிப்பாதி தெரியாது, அதனால் நடுப்புள்ளி உள்பக்கமாக நகர்ந்துவிடும். அதைத் திருத்தவென்றே தனிக் கணக்குப் போடுகிறார்கள். தொடும் வலை படத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் நீண்டிருந்தால் இரண்டு கோளாறும் போயிருக்கும்.

ஆராய்ச்சியாளர்கள் இதைச் சும்மா விடவில்லை. 2008-இல் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் சைட்சைட் என்று ஒன்று செய்தார்கள். போனின் பக்கவாட்டில் வரிசையாக அகச்சிவப்பு உணரிகள், மேசையில் வைத்த போனுக்கு இருபுறமும் விரலை அசைத்தால் திரையைத் தொடாமலே வேலை நடக்கும். அடுத்த வருடம் பாட்ரிக் பாடிஷும் ஜெரி சூவும் சின்னஞ்சிறு திரைகளின் முதுகுப்பக்கத்தைத் தொடுபரப்பாக்கினார்கள், விரல் படத்தை மறைக்கக் கூடாது என்பதற்காக. கிறிஸ் ஹாரிசனின் 2010 ஆய்வில் முன்கையின் தோலே பட்டனானது. தட்டும்போது உடம்புக்குள் ஓடும் அதிர்வைக் கையில் கட்டிய பட்டை கேட்டு, எங்கே தட்டினார்கள் என்று சொல்லும்.

இவற்றில் என் மேசைக்கு நெருக்கமானது, ஜப்பானின் மெய்ஜி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குனிஹிரோ கட்டோ, ஹோமெய் மியாஷிட்டா இருவரும் 2015-இல் காட்டிய ஸ்டிக்கர். என் தட்டுக்குத் தட்டல் மட்டும்தான் தெரியும், ஒரு தகடு, ஒரு புள்ளி. அவர்கள் மின்கடத்தும் கோடுகளை வரிவரியாக, நெருக்கமாக ஒரு ஸ்டிக்கரில் போட்டார்கள். ஒரு முனை திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், மறுமுனை வெளியே நீளும். வெளியே விரலை வைத்தால் அது ஒரே நேரத்தில் பல கோடுகளைத் தொடும். விரலை நகர்த்தினால் ஒரு கோடு விட்டு அடுத்த கோடு சேரும், திரையில் நடுப்புள்ளியும் கூடவே நகரும். தட்டல் மட்டுமில்லாமல் வழுக்கலும் வெளியே வந்துவிட்டது. அச்சடித்த மை, ஒரு தாள், பேட்டரி இல்லை, சிப் இல்லை. இந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நானும் பிளேடால் காப்பரைக் கீற்றுக்கீற்றாக வெட்டி முயன்றேன். இருபது கீற்றில் ஏழு அறுந்தன, மூன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பக்கம் வழுக்கவில்லை, நொண்டி நொண்டித் தாவியது. "எனக்குத் தட்டே போதும், விட்டுரு" என்றாள் அம்மா. விட்டுவிட்டேன்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. தோள் மெதுவாக இளகிவிட்டது. மேல் அலமாரியிலிருந்து அவளே டப்பாவை எடுக்கிறாள். போன மாதம் ஒரு நாள், இனி எதற்கு இந்தக் கம்பிகள் என்று காப்பரைச் சுரண்டி எடுக்க உட்கார்ந்தேன். "அதை ஏன் எடுக்கற?" என்றாள். கைதான் நன்றாக நீளுகிறதே என்றேன். "கையை நீட்டினா கை வந்து எழுத்தை மறைக்குது. நான் கடைசி வரி படிச்சு முடிக்கிறதுக்குள்ள விரல் அங்க நிக்குது. இதுன்னா கண்ணு பாட்டுக்குப் படிக்கும், கை பாட்டுக்குத் தட்டும்."

முன் தட்டின் நடுவில், விரல் படும் இடத்தில் காப்பர் பழுப்பேறியிருந்தது. மாற்றித் தருகிறேன் என்றேன். அப்படியே பின் தட்டைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொன்னாள். முன்னால் போவதைவிடப் பின்னால் போவதுதான் இப்போது அதிகமாம். புத்தகத்தில் யார் யாருக்கு மகன் என்று மறந்துபோகிறதாம்.